வீட்டில் எல்லோருக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட்

பாலசமுத்திரம் ஏரியில் லாரி ட்யூபில் உட்கார்ந்து மீன் பிடிப்பது என் வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமைப் பெருமை. நீச்சலோ சுத்தமாகத் தெரியாது. நச்சரித்து, லைஃப் ஜாக்கெட் வாங்கத் திருப்பதிக்கு இழுத்துப் போனேன். கடைக்காரர் இவருக்கு ஒன்றை மாட்டி, அதன் தோள்பட்டியைத் தூக்கிப் பார்த்தார். காதுவரை ஏறியது.

“லூசா கீது சார், சின்ன சைஸ் எடுங்க.”

“பெருசாவே குடு. ஊட்ல எல்லாரும் போட்டுக்கலாம்,” என்றார் இந்த மேதை.

அடுத்த ஞாயிறே, நான் கரையில் நிற்கும்போதே, முள் குத்தி ட்யூப் வெடித்தது. ஜாக்கெட் மேலே மிதந்தது. இவர் அதிலிருந்து நழுவி மூழ்கினார். பக்கத்து ட்யூப்காரர் இவர் முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தார்.

தண்ணீரைக் கக்கிவிட்டு இவர் முதலில் கேட்டது: “ஜாக்கெட் எப்டி மெதந்துகினு இருந்துச்சி, பாத்தியா?”

அறையத்தான் கையை ஓங்கினேன். அது முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டியது. அந்தக் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.