எட்டு மடிப்பில் ஒரு மலை

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கடையின் குப்பைக்கூடை நிறைவதே இல்லை. மை பரவி வீணான தாள், பைண்டிங்குக்கு வெட்டியது போக மிஞ்சும் நீல அட்டை, உள்ளே ஒன்றும் வைக்காமலே மெஷினுக்குள் போய்விட்ட லேமினேஷன் தாள் எல்லாம் சாயங்காலம் என் பைக்குள் ஏறிவிடும். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவரே தனியாக எடுத்து வைத்து, "இந்தாம்மா, உன் சொத்து" என்று கொடுக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், கீழே காபிக் கடையும் மேலே வாடகை அறைகளும் உள்ள ஒரு கட்டடத்தில் கூட்டித் துடைக்கிறாள். நான் பி.காம். கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம் டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும், அப்படி ஒரு இடத்தில் ஆணி அடித்தது நான்தான். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் காகிதம் ஒட்டுவேன்.

"டிகிரி மேல தொங்குது, டிகிரி வாங்கினது கீழ குப்ப பொறுக்குது" என்பார் அப்பா. சொல்லிவிட்டு மறுநாள் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தை உதறி, நாலாக மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்து எனக்குக் கொண்டுவருவார்.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கசக்கிப் பிரித்து, மறுபடி கசக்கிப் பிரித்தால் துணி மாதிரி ஆகிவிடும். மைதா பசை தடவி அட்டையில் ஒட்டி, காய்ந்ததும் சுருக்கங்களின் மேல் டீ டிக்காஷனைத் தொட்டுத் தடவினால் பாறை. அசல் பாறை. முதல் தடவை அது நடந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். போனில் பார்க்கும் வீடியோக்களில் அந்தப் பெண்கள் விதவிதமான காகிதம், விதவிதமான பசை என்று பெயர் சொல்லிக்கொண்டே போவார்கள். அதெல்லாம் எங்கள் ஊரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் ஒன்றைக் காட்டினால் நான் வீட்டைச் சுற்றிப் பார்ப்பேன். தங்க நிறத்துக்குக் கல்யாணப் பத்திரிகை இருந்தது. செம்மண்ணுக்கு வறுத்த வேர்க்கடலையின் தோலைத் தேய்த்துத் தூவினேன். முட்டை அட்டையை ஊறவைத்து அரைத்தால் குன்று, குழி என்று எதை வேண்டுமானாலும் செய்யலாம். நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு பாட்டில் வெள்ளைப் பசை மட்டும். அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவேன்.

இப்படி இருந்தபோதுதான் அம்மா வாயை விட்டாள்.

காபிக் கடை வாசலை ஒட்டி ஒரு வட்ட மேசை உண்டு. உள்ளே வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். அதன் மேல் ஏதாவது அழகாக வைக்க வேண்டும் என்று கடைக்கார அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "எம் பொண்ணு செய்வா மேடம். ஒரு தபா பாத்தீங்கன்னா அப்புறம் வேற எதையும் வெக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த இடத்தில் இத்தனை வருஷத்தில் "சரிங்க மேடம்" தவிர அவள் வேறு எதுவும் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவளுக்கே பயமாக இருந்தது.

"நீ செய்வ இல்ல?"

"செய்யாம?"

செய்தேன். பௌர்ணமிக்கு எல்லோரும் வந்து சுற்றும் எங்கள் ஊர் மலையை, எங்கள் தெருவிலிருந்து தெரிகிறபடி, அடுக்கு அடுக்காக, ஒரு முழ அகலத்தில். சிமெண்ட் காகிதப் பாறை, பழைய லுங்கியின் பச்சைக் கரையில் மரங்கள், அடியில் கடலைத்தோல் மண். வியாழக்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா பின்கட்டு வழியாக உள்ளே போனாள். நான் முன்வாசல் வழியாகப் போனேன்.

கடைக்கார அம்மா சென்னைக்காரர். அதைக் கையில் வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்க. ஆனா இது எந்த மலை?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி முன்கூட்டியே வந்து தங்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம மலை நல்லா கூர்மையா நிக்கும்மா. இது படுத்துட்டிருக்கு" என்றார்.

"எங்க வேங்கிக்கால்லேருந்து பாத்தா இப்படித்தாங்க இருக்கும்."

"இருக்கலாம்மா" என்றார் கடைக்கார அம்மா. "ஆனா இங்க வர்றவங்க யாரும் வேங்கிக்கால்லேருந்து பாக்கறதில்லியே. அவங்க பாத்த மலைய வெச்சாத்தான் நின்னு பாப்பாங்க. செவ்வாய்க்கிழமை காலைக்குள்ள இந்தப் பக்கத்துலேருந்து தெரியற மாதிரி ஒண்ணு பண்ணிட்டு வா. பௌர்ணமி கூட்டத்துக்கு அந்த மேசையிலயே வெக்கறேன். இல்லன்னா ஒரு வெண்கல விளக்கு பாத்து வெச்சிருக்கேன், அத வெச்சிடுவேன்."

சமையலறைக் கதவருகே அம்மா நின்றிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, செய்ததை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். எங்கள் மலையை மலையே இல்லை என்கிறார்களே என்று ஆத்திரமாக இருந்தது. "உட்றி, அந்தப் பக்கத்த செஞ்சி குடுத்துடு. கை உனுதுதானே" என்றாள் அம்மா. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ் செங்கம் ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பியது. மலையின் ஒரு தோள் உள்ளே போய் இன்னொன்று வெளியே வந்தது. பெரிய கோபுரத்தைத் தாண்டும்போது மலை கொஞ்சம் விரிந்தது. எங்கள் நிறுத்தம் வருவதற்குள் அது மெல்லச் சாய்ந்து, கால் நீட்டிப் படுத்து, எங்கள் வீட்டு மலை ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ம்மா, ரெண்டுல எதுன்னு எதுக்கு யோசிக்கணும்? எல்லாப் பக்கத்தையும் செய்யப் போறேன். மலையச் சுத்தி."

"மெதுவா பேசு. கண்டக்டர் பாக்கறாரு."

நீல அட்டை எட்டுத் துண்டு. புடவைத் துணிப் பட்டையால் ஒன்றோடு ஒன்று ஒட்டினால் விசிறி மாதிரி மடியும். கடைசித் துண்டைக் கொண்டுவந்து முதல் துண்டோடு சேர்த்துவிட்டால் வட்டமாக நிற்கும், கிரிவலம் போல. கிரிவலப் பாதையில் திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கக் கோயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலிருந்தும் தெரியும் மலை ஒவ்வொரு மடிப்பில். நினைக்க நினைக்க என்னால் உட்காரவே முடியவில்லை.

போனில் படம் எடுத்தால் மலை கடுகாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குத்தான் வீணான லேமினேஷன் தாள். கண்ணாடி மாதிரி இருக்கும். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, தாளுக்குப் பின்னால் தெரியும் மலையின் விளிம்பை மார்க்கரால் அப்படியே இழுத்துவிடலாம். சனிக்கிழமை மொட்டை மாடியில் நின்று சோதித்துப் பார்த்தேன். கச்சிதமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மாவும் நானும் செருப்பில்லாமல் கிளம்பினோம். கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கி, மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தோம். ஒவ்வொரு லிங்கத்தருகிலும் நான் தாளைத் தூக்கிப் பிடிப்பேன். அம்மா உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருவாள். வரும்போது கீழே கிடந்த திருநீற்றுக் காகிதம், உதிர்ந்த புளிய இலை என்று ஏதாவது எடுத்து வருவாள். "இது ஆவுமா பாரு." எல்லாமே ஆகும். நிருதி லிங்கம் தாண்டியதும் மலை இரண்டாக, பிறகு மூன்றாகப் பிரிந்தது. நான் ஓடாத குறைதான்.

வருண லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு குரங்கு என் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டு மதில் மேல் ஏறியது. முறுக்குப் பொட்டலம் என்று நினைத்திருக்கும். ஒவ்வொரு தாளாக எடுத்து மோந்து கீழே போட்டது. ஒன்றை மட்டும் கடித்தபடி மதிலுக்கு அந்தப் பக்கம் குதித்துவிட்டது. பொறுக்கி எடுத்துப் பார்த்தேன். நிருதி லிங்கம் போய்விட்டது.

"நீ இங்கயே உக்காரும்மா. ஓடிப் போயி போட்டுட்டு வந்துடறேன்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பக்கம் போவ?"

"வந்த வழியா."

"மலைய இடது கைப் பக்கம் வெச்சிக்கினா?"

"அதனால இன்னா? ஆட்டோ, பஸ்ஸு எல்லாம் போவுது பாரு."

"போவட்டும். நீ போவாத."

"நீ தினமும் வேலைக்குப் பஸ்ல போயிட்டுத் திரும்பி வரல? அப்ப மலை எந்தப் பக்கம் இருக்குது?"

"அது வேலைக்குப் போறது. இது சுத்தறதுக்குன்னே கிளம்பினது. சுத்தக் கிளம்பிட்டு யாராவது திரும்புவாங்களாடி? படிச்சவ பேசற பேச்சா?"

படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ஜாஸ்தி பேசாம நட" என்றாள். மீதிச் சுற்றை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் தாளைத் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம் கோபம் மறந்துபோனது.

அன்று ராத்திரிக்குள் ஏழு மடிப்பு முடிந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்து மலைக்குப் புதிதாக எதுவும் செய்யவில்லை. முதலில் செய்ததையே அளவாக வெட்டி, ஈசானிய லிங்கத்துக்குரிய கடைசி மடிப்பில் ஒட்டினேன். நாலாவது மடிப்பு மட்டும் வெறும் நீலமாக இருந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள். கடையில் நிற்க இடம் இருக்காது, லீவு கேட்கவே முடியாது. மனசிலிருந்து வரைந்துவிடலாமா என்று பார்த்தேன். வந்தது மலைதான், ஆனால் எந்த இடத்து மலையும் இல்லை. கிழித்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அம்மா ஒரு லேமினேஷன் தாளையும் மார்க்கரையும் எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்ததை நான் பார்க்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட வேண்டியவள், நான் கடை முடிந்து வந்தும் வரவில்லை. விளக்கு போட்டதற்குப் பிறகு வந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள்.

"வேல முடிச்சிட்டு அப்படியே நிருதி லிங்கத்துக்குப் போனேன். ஒரு கண்ண மூடினா இன்னொண்ணும் மூடிக்குது. எப்படித்தான் போட்டியோ."

"அதுக்கு இவ்ளோ நேரமா? அங்கேருந்து ஆட்டோல திரும்பி வர்றதுக்கு என்னா?"

"திரும்பியா?" என்றாள் அம்மா.

மீதி மலையை முழுக்கச் சுற்றி நடந்தே வந்திருக்கிறாள்.

தாளைப் பார்த்தேன். கையெழுத்துப் போட மட்டும் பேனா பிடிக்கிற கை. ஆனால் கோலம் போடுகிற கை. எங்கேயும் எடுக்காமல், ஒரே இழுப்பில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போயிருந்தது கோடு. நான் போட்ட ஏழு கோடுகளும் அங்கங்கே நின்று யோசித்தவை. இது யோசிக்கவே இல்லை. அதை ஒரு நூல்கூட மாற்றாமல் சிமெண்ட் காகிதத்தில் வெட்டினேன். கொண்டுவந்ததிலேயே நல்ல காகிதத்தை அப்பா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "பூசறதுக்கு முன்னாடி நல்லா நனை" என்று கொத்தனார் வேலை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை வட்ட மேசை மேல் எட்டு மடிப்பையும் விரித்து, முனைகளைச் சேர்த்து நிறுத்தினேன். ஆசிரமத்துப் பக்கம் வாசலைப் பார்த்து இருந்தது. கடைக்கார அம்மா அதைப் பார்த்ததும், "இதத்தான் கேட்டேன்" என்றார்.

"மேடம், அப்படியே சுத்தி வாங்க."

அவர் வந்தார். இரண்டடி வைத்து நின்றார். இன்னும் இரண்டடி. ஈசானியத்துக்கு வந்தபோது குனிந்து, "இது அன்னைக்கு எடுத்துட்டு வந்தது இல்ல?" என்றார்.

"எங்க வீட்டு மலை மேடம்."

அவர் நிமிர்ந்தார். மேசையைச் சுற்றி இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சுவரோரம் தள்ளினார். ஆள் சுற்றி வர வழி விட்டார். "விளக்கு வேணாம்" என்றார். "இது மாதிரி சின்னதா, கையில எடுத்துட்டுப் போற மாதிரி பண்ண முடியுமா?" முடியும் முடியும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அன்றைய பெரியவர் காபியோடு எழுந்து வந்துவிட்டார். சுற்றினார். நாலாவது மடிப்பில் நின்றார். "இந்தக் கோடு வேற மாதிரி இருக்கே. இது எந்த இடம்?"

நான் வாயைத் திறந்தேன்.

"நிருதி லிங்கம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அது நான் போட்டது."

அம்மா துடைப்பக் கட்டையோடு கடையின் நடுவில் நின்றிருந்தாள். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவள் முன்பக்கம் வரவே மாட்டாள். பெரியவர் அவளை ஒரு தடவை பார்த்தார், கோட்டை ஒரு தடவை பார்த்தார். முந்தின மடிப்பை மறுபடி பார்க்க வேண்டும் போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வந்த வழியே ஒரு காலைப் பின்னால் வைத்தார்.

"சார்" என்றாள் அம்மா. துடைப்பக் கட்டையை நீட்டி வழி காட்டினாள். "அப்படி இல்லீங்க. இப்படி."

பெரியவர் காபி சிந்தாமல் திரும்பி, மலையை வலப்பக்கம் வைத்து, மறுபடி முழுக்கச் சுற்றி வந்தார்.