இரண்டு ரூபாய் நாணயமும் எட்டு மடக்குக் கத்திகளும்: லம்பா லைனிலிருந்து ஏரியல் பே வரை

டிசம்பர் முதல் வாரத்தில், நான் செய்த ஒரு கத்தியைச் சரிசெய்ய, முடியாவிட்டால் திரும்ப வாங்கிக்கொண்டு வர, தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூர் போனேன். தனியாக நான் செய்த முதல் நீண்ட பயணம் இது. அந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரம், செலவு எல்லாம் எழுதி வைத்தேன்.

போர்ட் பிளேரில் லம்பா லைனில் அப்பா படகு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு கடையின் ஓரத்தில் எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. அங்கே மடக்குக் கத்தி செய்கிறேன். அலகு மெயின்லேண்டிலிருந்து பார்சலில் வரும். கைப்பிடிக்குத் தச்சர் கடையில் மிஞ்சும் படாக் மரத்துண்டு. மற்றதெல்லாம் என் விருப்பம். அலகு திரும்பும் அச்சில் வாஷர் வெண்கலத்தில்தான் போடுவேன். அதற்குப் பதில் பால் பேரிங் வைத்தால் வேகமாகத் திறக்கும், ஆனால் உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் கரகரக்கும். அலகைத் திறக்க கட்டைவிரல் தள்ளும் குமிழைப் பித்தளையில் கடைந்து, முகம் தெரிகிற வரை தேய்ப்பேன். ஸ்குரூக்களில் நட்சத்திரக் குழி எனக்குப் பிடிக்காது. இரண்டு ஹாக்சா பிளேடை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துத் தலையில் ஒரு கோடு அறுப்பேன். இரண்டு ரூபாய் நாணயம் சரியாக உட்காரும் அகலம் வரும். கத்தி செய்பவர்களின் ஆன்லைன் குழுவில் படம் போட்டபோது, "இது கத்தியா, உண்டியலா?" என்று ஒருவர் கேட்டார். நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். நான் பதில் எழுதவில்லை.

ஏரியல் பேயில் திரேசா அக்காவுக்கு மூன்று டிங்கிப் படகுகள் ஓடுகின்றன. அவரும் எங்கள் பூர்வீக ஊர்ப் பக்கம்தான், குமரிக் கடற்கரை. படகில் திறந்து கிடந்த கத்தியை மிதித்து ஒரு ஆளின் பாதம் கிழிந்த பிறகு, எல்லோருக்கும் மடக்குக் கத்தி கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். மாதிரிக்கு ஒன்று அனுப்பினேன். பிடித்திருந்தால் எட்டு வேண்டும் என்றார். அதுவரை நான் ஒன்றுக்கு மேல் யாருக்கும் செய்ததில்லை.

பத்து நாளில் அக்காவின் போன் வந்தது. "பிள்ள, பயலுவ தொறக்க முடியலன்னு சொல்லுதானுவ. வந்து பாக்கியா, இல்ல பஸ்ஸுல குடுத்து உடட்டா?"

"வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னையே பார்த்தார். "சரியாகலன்னா வாங்கிட்டு வந்துரு மக்களே. அங்க நின்னு அழக் கூடாது."

அரசுப் பேருந்து அதிகாலை நான்கு மணிக்கு. லம்பா லைனிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய், டிக்கெட் நானூற்றுப் பதினைந்து. முந்தின நாளே எடுத்துவிடுங்கள். ஐந்தேகாலுக்கு ஜிர்காடாங் சோதனைச் சாவடி. ஆறு மணிக்குத்தான் வண்டிகளை வரிசையாகப் பழங்குடியினர் காட்டுக்குள் விடுவார்கள். அதுவரை டீ, வடை. உள்ளே போனபின் எங்கும் நிறுத்தமாட்டார்கள், படம் எடுக்கவும் கூடாது.

காடு முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெயிட் என்ற கடல் கழி. பேருந்து ஒரு பெரிய படகில் ஏறும். பயணிகள் இறங்கி அதே படகில் நிற்க வேண்டும். படகின் ஓரப் பெஞ்சில் இடம் கிடைத்ததும் பையைத் திறந்து ஸ்குரூடிரைவர்களை எண்ணினேன். பதற்றத்தில் அதை மூன்று தடவை செய்தேன். அக்கரையில் நடத்துநர் "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்த, ஓடி ஏறினேன். ரங்கத் என்ற ஊரில் பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோதுதான் (மீன் சாப்பாடு நூற்றைம்பது) ஸ்குரூடிரைவர் உறை அந்தப் பெஞ்சிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. மீனைப் பாதியில் வைத்துவிட்டேன்.

மாயாபந்தர் தாண்டியபின் வளைவுகள் அதிகம். வாந்தி வருபவர்கள் முன் இருக்கை கேளுங்கள். திக்லிபூர் வரும்போது மாலை நாலு இருபது. முந்நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து ஏரியல் பே ஒன்பது கிலோமீட்டர், உள்ளூர்ப் பேருந்தில் பதினெட்டு ரூபாய். மிச்சமாக நடத்துநர் கொடுத்ததில் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. அதைத் தனியாகப் பையிலிருந்த பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்தேன்.

இரவு அக்கா வீட்டில் தங்கினேன். காலை ஆறரைக்குப் படகு ஜெட்டியில் டிங்கிகள் வந்தன. மாதிரிக் கத்தி அப்பாராவிடம் இருந்தது. தெலுங்குக்காரர், என் அப்பா வயது. அக்கா என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளதான் செஞ்சது" என்றதும் ஆறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அரே பேட்டி, யே சாக்கு ஹை யா தாலா?" என்றார் அப்பாராவ். கத்தியா, பூட்டா என்று கேட்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். "உனக்கு வயசாயிட்டு, அதுக்குக் கத்தி என்ன செய்யும்?" என்றார் அக்கா. சிரிப்பு அப்பாராவ் பக்கம் திரும்பியது.

அப்பாராவ் செய்து காட்டினார். வலது கையில் தூண்டில் கயிறு. அதை விட முடியாது. இடது கையால் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்தார். இரை மீனின் வழுவழுப்பில் கட்டைவிரல் என் குமிழில் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. உடனே யோசிக்காமல் வாய்க்குக் கொண்டுபோய்க் குமிழைக் கடித்தார். பல்லும் வழுக்கியது.

லம்பா லைனில் நான் உலர்ந்த கையோடு, இரண்டு கையும் சும்மா இருக்க, நூறு தடவை திறந்து பார்த்திருந்தேன். ஒருமுறைகூட வாயை நினைக்கவில்லை.

கத்தியை வாங்கிக்கொண்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். நாணயத்தை எடுத்தேன். ஸ்குரூடிரைவர் இல்லாமல், ஜெட்டியில், ஐந்து நிமிடத்தில் முழுக் கத்தியும் என் துப்பட்டா மேல் பிரிந்து கிடந்தது. வாஷர்களில் உப்பும் செதிலும். நல்ல தண்ணீரில் கழுவி, அக்கா வீட்டிலிருந்து வந்த தேங்காய் எண்ணெயில் துடைத்தேன். குமிழைத் திரும்பப் போடவில்லை. மூன்று மணி நேரம் தேய்த்த குமிழ் அது. குமிழ் இருந்த அலகின் துளையில் வலை நூலைக் கோத்து, ஒரு விரல் நுழையும் அளவு வளையமாக முடிந்து, நுனியை லைட்டரில் உருக்கினேன். எல்லாவற்றையும் நாணயத்தாலேயே திரும்ப முடுக்கி, அச்சு ஸ்குரூவை மட்டும் கால் சுற்று தளர்த்தினேன். அதற்கு மேல் இல்லை. தலைகீழாகப் பிடித்து உதறினால் அலகு வெளியே வரக் கூடாது, அது என் கணக்கு. உதறினேன். வரவில்லை.

அப்பாராவ் இடது கையை இரை வாளியில் முக்கி எடுத்தார். வேண்டுமென்றேதான். வலது கையில் கயிறு. கத்தியை வாய்க்குக் கொண்டுபோய் நூலைக் கடித்து இழுத்தார். டக். அலகு திறந்து நின்றது. கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தார்.

"தாலா குல் கயா!" என்றார். பூட்டு திறந்துவிட்டதாம்.

அக்கா கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டும் இப்பிடியே போட்டுரு. நூலு நான் தாறேன். ஆனா பிள்ள, இந்த ஸ்குரூ மட்டும் ஆன்லைன்ல வருமே, ஸ்டாரு மாதிரி, அது போடேன். பாக்க அழகா இருக்கும்."

ஆறு பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றால் எட்டும் போய்விடலாம் என்று தெரியும்.

"இல்ல அக்கா. குமிழ மாத்திட்டேன். ஸ்குரூவ மாத்த மாட்டேன். நடுக்கடல்ல ஸ்டார் டிரைவர் யார்ட்ட இருக்கும்? காசு எல்லார்ட்டயும் இருக்கும்."

அந்தப் பயணத்தில் நான் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சம் அதுதான்.

"வாயும் இருக்கு போல" என்றார் அக்கா. "சரி, எட்டு."

இந்த வழியில் போகிறவர்களுக்கு: திரும்பும் பேருந்தும் அதிகாலைதான், ஆகவே இரண்டு இரவு தங்கத் திட்டமிடுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். படகில் ஏறினால் பையைத் திறக்காதீர்கள். கத்தி செய்பவர்களுக்கு: உங்களுக்குப் பிடித்ததைப் பிடித்தபடியே செய்யுங்கள், பிறகு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையை மீன் வாளியில் முக்கித் திறந்து பாருங்கள். மிஞ்சுவது எதுவோ அதற்காகச் சண்டை போடலாம். குழுவில் உண்டியலா என்று கேட்டவருக்கும் இந்த வாரம் பதில் எழுதிவிட்டேன். ஜெட்டியில் பிரித்துப் போட்ட கத்தியின் படம், பக்கத்தில் அந்த நாணயம்.

வரும் வழியில் ரங்கத்தில் அம்மாவின் போன் வந்தது.

"கத்திய வாங்கிட்டியா?"

"இல்லம்மா."

"ஏன், அக்கா குடுக்கலயா?"

"அக்காட்ட இல்ல. அப்பாராவ் பாக்கெட்ல இருக்கு. கடலுக்குப் போயிட்டார்."

பிறகு மீன் சாப்பாடு சொன்னேன். இந்தத் தடவை முழுதும் சாப்பிட்டேன்.