தலைவர் தந்த நிழல்

அரியலூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் எனக்கு டிசைனர் வேலை. காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு என்றாலும், அதிகம் வருவது அரசியல்வாதிகளின் பேனர்கள்தான். முகத்தை வெளுப்பாக்கு, மீசையை அடர்த்தியாக்கு என்பார்கள், செய்வேன். வீட்டுக்குப் போனதும் அதே முகங்களைக் கார்ட்டூனாக வரைந்து ஃபேஸ்புக்கில் போடுவேன். தெரிந்தவர்கள் நாலு பேர் சிரிப்பார்கள். அவ்வளவுதான்.

திருமானூர் பக்கம் எங்கள் ஊர். பஸ் ஸ்டாப்பில் பழைய நிழற்குடையை இடித்தார்கள்; புதிது வரவில்லை. அந்த இடத்தில் ஊராட்சித் தலைவரின் பெரிய ஃப்ளெக்ஸ் நின்றது. நான் செய்ததுதான். சித்திரை வெயிலில் அதன் நிழலில் பெண்கள் ஒண்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அப்படியே வரைந்து போட்டேன். மேலே தலைவர் கைகளை விரித்துச் சிரிக்கிறார். கீழே, "எங்களுக்கு நிழல் தந்த தலைவரே!"

மறுநாளே அது சுற்றுவட்டார வாட்ஸ்அப் குழுக்களையெல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டது. மதியம் தலைவரின் ஆட்கள் கடைக்குள் நுழைந்தார்கள்.

"ஏம்மா, பொழைக்கிறது எங்க பேனர்ல, நக்கல் அடிக்கிறதும் எங்களையேவா? மன்னிப்பு கேட்டு வீடியோ போடு. இல்லன்னா இந்தக் கடைக்கு ஒரு ஆர்டரும் வராது."

கடை முதலாளி அண்ணன் பயந்த சுபாவம். அழித்துவிடச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"படத்துல பொய் ஏதாச்சும் இருக்கா? காட்டுங்க, நானே அழிக்கச் சொல்றேன்" என்றார்.

அவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். சொன்னபடி ஆர்டரும் குறைந்தது. அண்ணன் காதணி விழா, கண்ணீர் அஞ்சலி பேனர்களை வைத்தே கடையை ஓட்டினார்.

மே தினக் கிராம சபையில் கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாப்பில் வேர்க்கடலை விற்கும் அக்கா எழுந்து போய், பிரிண்ட் எடுத்த என் படத்தைத் தலைவரிடமே நீட்டினார்.

"கூரை எப்பங்க வரும்?"

தலைவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

"குண்டா இருந்ததாலதாங்க இத்தனை பேரு ஒதுங்க முடிஞ்சுது."

முதலில் சிரித்தது தலைவருடைய ஆள் ஒருவர்தான். பிறகு கூட்டமே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் கூரையைத் தீர்மானத்தில் எழுதச் சொன்னார். போகும்போது என் பக்கம் நின்று, "காதையாச்சும் ஒழுங்கா வரைஞ்சிருக்கலாம்" என்றார். அது உண்மைதான், காது சரியாக வரவில்லை.

ஆடி மாதத்துக்குள் தகரக் கூரை வந்துவிட்டது.

போன வாரம், அன்று கடைக்கு வந்து சத்தம் போட்டவர்களில் ஒருவர் போன் செய்தார். "எதிர்க்கட்சிக்காரன் ஏரிக்குள்ளயே கொடிக்கம்பம் நட்டுருக்கான். அதை ஒண்ணு வரையேம்மா."

போய்ப் பார்த்தேன். ஏரியில் போன் செய்தவரின் கட்சிக் கொடியும்தான் பறந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தே வரைந்தேன். போனில் கொஞ்ச நேரம் கத்தினார். சாயங்காலம் பார்த்தால், அந்தப் படத்தை இரண்டு கொடிகளோடும் அவரே தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்.