எஸ்ஸில் தொடங்கும் வார்த்தைகள்

எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கின் தரத்துக்குப் பொறுப்பான க்யூசி வேலை காலியானதும், செக்கிங் டேபிளில் பதினோரு வருடம் நின்ற எனக்குத்தான் அது வரும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மேனேஜர் வேறு முடிவு கட்டியிருந்தார். க்யூசி என்றால் சரக்கை வாங்கும் பையர் ஆளிடம் பேச வேண்டும், அதனால் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும், தேறுபவருக்கே வேலை என்று நோட்டீஸ் ஒட்டினார்.

வகுப்பு கேன்டீனில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நாளுக்கு ஓர் எழுத்து. டீச்சர் ஒரு சின்னப் பெண், ஸ்கூட்டியில் வருவாள். பலகையில் பத்து வார்த்தை எழுதி அர்த்தம் சொல்வாள், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வாயைத் திறந்தும் காட்டுவாள். முதல் நாளே ஆம்பிஷன் என்று ஒன்று வந்தது. அதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எஸ் வந்த அன்று எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் பிழைப்பே எஸ்ஸில்தான் ஓடுகிறது. ஸ்லீவ், ஷோல்டர், சீம், சைஸ், ஸ்டிச், ஷேடு, ஸ்டெயின் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "அதெல்லாம் கம்பெனி இங்கிலீஷுங்க்கா. ஷேடுன்னு இழுக்கக் கூடாது, டி எழுத்தோட நிறுத்தோணும்," என்றாள் டீச்சர். பிறகு சைலன்ஸ், சின்சியர், சாலிட்யூட் என்று எழுதினாள். சாலிட்யூட் என்றால் தனிமையாம். நூறு தையல் மிஷின் ஓடுகிற இடத்தில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. காலையில் சோறு வடிக்கும்போதும் சாலிட்யூட்தான்.

தேர்வில் அர்த்தமெல்லாம் சரியாக எழுதினேன். உச்சரிப்பில் தோற்றேன். மேனேஜர் என்னைவிடச் சின்னவர், பக்குவமாகத்தான் சொன்னார். "அர்த்தம் கரெக்டுங்க்கா. ஆனா வாயத் தொறந்தா நம்மூரு வாசம் அடிக்குதுங்க. பையர் என்ன நெனைப்பாரு?" வேறு யாரும் தேறாததால் வேலை காலியாகவே கிடந்தது.

அடுத்த வாரம் ஷிப்மென்ட். கட்டி முடித்த பெட்டிகளைச் சோதிக்கப் பையர் ஆள் வந்தார். ஏதோ வெளிநாட்டுக்காரர், நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று யோசிக்கிற இங்கிலீஷ். அவர் வாயில் ஆர் உருண்டது, பாதி எழுத்து தொண்டையிலேயே நின்றது. மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் எஸ் சார் போட்டார். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று அந்த வெளிநாட்டுக்காரருக்கு யாரும் காட்டவில்லை.

அவர் ஒரு பெட்டியிலிருந்து நீல டி-சர்ட்டை உருவி, சாயம் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் விரித்தார். இரண்டு நாள் முன்பு நானே ஒதுக்கிய பண்டலில் இருந்தது அது. கட்டிங்கில் துணி ரோல் மாறி, பாடி ஒரு சாயத்திலும் ஸ்லீவ் வேறு சாயத்திலும் வந்திருந்தது. ஒவ்வொரு பீஸிலும் தப்பைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவைத்திருந்தேன். அவசரத்தில் யாரோ ஸ்டிக்கரையெல்லாம் பிய்த்துவிட்டுப் பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள்.

பையர் ஆள் நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "ஸ்லீவ், பாடி, ஸேம் லாட்?" என்று கேட்டார். இரண்டும் ஒரே தடவையில் சாயம் போட்ட துணியா என்று அர்த்தம். மேனேஜர் என் காதருகே குனிந்தார். "அக்கா, ஸேம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. க்யூசி உங்குளுக்குத்தானுங்க."

ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் என் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு, என் வாயாலேயே பொய்யும் சொல்லச் சொல்கிறார்களே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

"நாட் ஸேம் சார். டூ ஷேடு. கட்டிங் மிக்ஸ். ஐ புட் ஸ்டிக்கர், ஸ்டிக்கர் ரிமூவ்," என்றேன்.

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தையைக்கூட மறுபடி கேட்கவில்லை. எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மேனேஜர் டேபிளுக்கு வந்தார். "ஒரே வார்த்தைங்க்கா. சொல்லியிருந்தா நாளைல இருந்து நீங்கதான் க்யூசி."

"அந்த வார்த்தையச் சொல்றதுக்குத்தான் க்யூசின்னா, அந்த வேலைய நீங்களே வெச்சுக்குங்க," என்றேன். "இப்ப அந்தப் பெட்டிய இப்பிடித் தள்ளுங்க, பாக்கோணும்."

அவர் குனிந்து பெட்டியைத் தள்ளினார்.