அயர்லாந்து அண்ணன் ஆடாத ஆட்டம்

“…நீங்க ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்க ஊட்டு ஆளு ஒருத்தன் கிரவுண்டுல எறங்குவான். எறங்கலீன்னா அப்பறம் என்ற மூஞ்சியிலயே முழிக்காதீங்க,” என்று மாமா போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருந்தார். லேத் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே தொண்டை பழகிப்போனவர். அவர் ரகசியம் சொன்னால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அதனால் ஊர்க் கால்பந்துப் போட்டிக்கு அவர் ஆள் தருவதாகக் கமிட்டிக்காரரிடம் ஒப்புக்கொண்ட சேதி அன்றைக்கே எங்கள் வீதி முழுக்கத் தெரிந்துபோயிற்று. இறங்கவேண்டிய ஆள் அடுத்த அறையில்தான் இருந்தார். அத்தை சுட்டுக் கொடுத்த கச்சாயத்தைத் தின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் ‘எங்க ஊட்டு ஆளு’ என்றால் தான்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர் என் சித்தியின் மகன். எனக்கு அண்ணன். சித்தி நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் அங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டவர். அண்ணன் பிறந்தது, படித்தது, பந்து உதைக்கப் பழகியது எல்லாம் அங்கேதான். பதினெட்டு வயது முடிந்த கையோடு அங்கே ஒரு கிளப் அவரைச் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டது. குளிர் மாதங்களில் அங்கே ஆட்டம் கிடையாதாம். அந்த இடைவெளியில் சித்தி அவரை ஊருக்குக் கூட்டி வந்திருந்தார். எனக்குப் பத்து வயது. அரைப் பரீட்சை லீவு.

அண்ணனைப் பார்க்க வந்த ஒறம்பரைக்குக் கணக்கில்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வழியுள்ள அத்தனை பேரும் வந்தார்கள். “பந்தை ஒதைக்கறதுக்கு மாசாமாசம் சம்பளமுங்களா?” என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக எல்லோரும் கேட்டது ஒன்றுதான். “இதுவரைக்கும் எத்தனை கோல் போட்டிருக்கறீங்க தம்பி?”

“ஒண்ணுமில்லீங்க,” என்பார் அண்ணன், சிரித்துக்கொண்டே. அவர் இடது பக்கத்துத் தடுப்பு. எதிராளி வந்தால் மறிப்பதுதான் அவர் வேலை.

கேட்டவர்கள் முகம் தொங்கும். உடனே மாமா புகுந்துவிடுவார். “கோல் போடறவன் ஊருக்குப் பத்துப் பேரு இருக்கறானுங்க. போட உடாம நிக்கறதுக்குத்தான் ஆளு கெடைக்கறதில்லை. நீங்க வேண்ணா நின்னு பாருங்க.”

அண்ணனின் தமிழ் எங்களுக்குப் பெரிய வேடிக்கை. சித்தி ஒருத்தரிடம் மட்டுமே கேட்டு வளர்ந்த தமிழ். மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று சித்தி எதற்கும் ‘ங்க’ போடச் சொல்லியிருந்தார் போல. எங்கள் வீட்டு நாயைக்கூட, “கொஞ்சம் தள்ளிப் படுங்க,” என்றார். நாய் தள்ளிப் படுத்தது. எங்கள் சொல்லை அது ஒருநாளும் கேட்டதில்லை.

வந்த மூன்றாம் நாள் மாமாவின் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்தோம். அண்ணன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகலைச் சித்தி கொண்டுவந்திருந்தார். மாமா அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அம்மன் காலடியில் வைத்து எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “அம்மணி, இங்கிலீசு மீடியத்துல படிக்கறயல்ல, எல்லாரும் கேக்கற மாதிரி சத்தமாப் படி,” என்றார். ஏழெட்டுப் பக்கம். பொடி எழுத்து. எதிரே இலையில் சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. கிளப்பின் பெயர், அண்ணனின் பெயர், முதல் பத்தி, கடைசிக் கையெழுத்து, இவ்வளவுதான் படித்தேன். நடுவில் இருந்ததையெல்லாம் தாண்டிவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் “வேண்டாமுங்க” என்றால் அதற்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வதுதான் முறை. முதல் தடவையே வாங்கினால் அலைகிறான் என்பார்கள். முதல் மறுப்பிலேயே பரிமாறாமல் போனால் கொடுக்கக் கை வராதவர்கள் என்பார்கள். அண்ணனுக்கு இது எங்கே தெரியும்? அவர் நிஜமாகவே வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று சொல்லச் சொல்ல மாமா சோறும் நெய்யுமாகக் குவித்துக்கொண்டே இருந்தார். அவரும் மரியாதைக்குத் தின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அத்தைக்கு மனசு கேட்கவில்லை.

“கண்ணு, வாயில சொன்னா இந்த ஊட்ல யாருக்கும் கேக்காது. ரெண்டு கையையும் இப்படி எலைக்கு மேல வெச்சு மூடிக்கோணும். அப்பத்தான் உண்மைக்கும் போதும்னு அர்த்தம்,” என்று அத்தை காட்டிக் கொடுத்தார்.

அடுத்த வேளை அண்ணன் கையை வைத்தார். மாமாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. “கை வெச்ச எலையில ஊத்தக் கூடாது,” என்று அவராகவே சொல்லிக்கொண்டு, கரண்டியை என் இலைக்குத் திருப்பினார்.

இப்படிப்பட்ட மாமாதான் வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனிடம் கேட்டார். “மாப்ள, ஞாயித்துக்கெழமை நம்மூர் டீமுக்கு ஒரு ஆட்டம் ஆடிப்போடு.”

“வேண்டாமுங்க மாமா.”

சாயங்காலம் டீ குடிக்கும்போது மறுபடி கேட்டார்.

“வேண்டாமுங்க மாமா. நான் ஆடக் கூடாதுங்க.”

மாமா அத்தையைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்புறம் சமையலறைக்கு வந்து பெருமையாகச் சொன்னார். “பாத்தியா, எப்படி அடக்கம். இவன் எறங்குனா நம்ம பசங்க மனசு சங்கடப்படும்னு பாக்கறான். எந்தங்கச்சி வளப்பு. மூணாவது தடவை கேட்டா வந்துருவான்.”

சித்தி இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கிணத்துக்கடவில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவதாக இருந்தது. “ஆத்தாளுக்கு யாரும் போன் பண்ணிச் சொல்லிப்போடாதீங்க. நேரா கிரவுண்டுக்கு வந்து பாக்கட்டும்,” என்று மாமா எங்கள் எல்லோர் வாயையும் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை மெயின் ரோட்டில் பேனர் ஏறியது. ‘அயர்லாந்து சிங்கமே வருக’ என்று எழுதி, கிளப் பனியனோடு அண்ணன். அவரைவிடப் பெரிதாக, வெள்ளைச் சட்டையில், காதில் போனை வைத்தபடி மாமா. கீழே ‘தாய்மாமன்’ என்று பட்டை எழுத்து. அதற்கும் கீழே சொந்தக்காரர்கள் தலைகள் வரிசையாக வட்டம் வட்டமாக. கடைசி வட்டத்தில் எண்ணெய் வழியும் இரட்டைச் சடையோடு நான். பள்ளிக்கூடத்து அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. அன்று மட்டும் அந்தப் பேனருக்கு அடியில் ஆறு தடவை நடந்தேன். என் வகுப்புப் பெண்கள் நால்வரை நிறுத்தி, எங்கள் அண்ணன் காலில் பந்து பட்டால் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று சொல்லிவைத்தேன்.

அன்று மத்தியானம் அண்ணன் தூங்கும்போது மாமா பட்டறையிலிருந்து வெர்னியரை எடுத்து வந்தார். இரும்புத் துண்டை நூல் பிசகாமல் அளக்கிற கருவி. அதை வைத்து அண்ணனின் பாதத்தை நீளம், அகலம், குதிகால் என்று அளந்து, என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். அண்ணன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாமா அந்தச் சீட்டோடு டவுனுக்குப் போய், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் கண்ணில் அறைகிற கிளிப்பச்சை நிறத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குக் கிரவுண்டு நிறைந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம். எங்கள் டீமில் ஆறு பேரும் ஒரு காலி இடமும் இருந்தன. மைக் பிடித்தவர், “இன்னும் சற்று நேரத்தில் அயர்லாந்து நாட்டின் ஆட்டக்காரர்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை மறுத்தாயிற்றே, பேனரும் மைக்கும் வரவேற்புக்குத்தான், வேடிக்கை பார்க்கத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அண்ணன் செருப்புப் போட்ட காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மாமா பூட்ஸ் டப்பாவை அவர் மடியில் வைத்துத் திறந்தார். “மூணாவது தடவை கேக்கறேன் மாப்ள.”

அண்ணன் ஒரு பூட்ஸை எடுத்துக் காலோடு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. “நெம்ப நல்லாருக்குதுங்க மாமா,” என்றார். பிறகு இரண்டு பூட்ஸையும் மடியில் ஜோடி சேர்த்து வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் விரித்து மூடிக்கொண்டார்.

கயிற்றைப் பிரித்துவிடக் குனிந்த மாமா அப்படியே நின்றார்.

“என்ன மாப்ள?”

“கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க. கிளப்பைக் கேக்காம வேற எங்கயும் ஆட மாட்டேன்னு.”

பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர் சிரித்தார். “பெரியநாயக்கன்பாளையத்துல ஆடுனது அயர்லாந்துக்காரனுக்கு எப்படித் தம்பி தெரியும்?”

“எனக்குத் தெரியுமுங்க.”

அண்ணன் மாமாவிடம் மட்டும் பேசினார். “போன வருசம் கணுக்கால் போச்சுங்க மாமா. எட்டு மாசம் உக்காந்திருந்தேன். அம்மா டூட்டி முடிச்சுட்டு வந்து, வந்த அசதியோட என்ற காலை நீவி உடுவாங்க. எங்கூட ஆடுன பசங்க பாதிப் பேரை ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டாங்க. என்னை வெச்சுக்கிட்டாங்க. இங்க மறுக்கா அடிபட்டா அந்த எடத்துக்கு வேற பையன் வந்துருவானுங்க.”

மாமா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். “பேப்பர்ல அப்படியொண்ணும் இல்லியே. அம்மணிதான் பூராவும் படிச்சாளே.”

அண்ணனும் என்னைப் பார்த்தார்.

“அது பொடி எழுத்துங்க மாமா. எனக்கே ரெண்டாந்தடவைதான் கண்ணுல பட்டுது,” என்றார்.

இன்றைக்கு நான் சரவணம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஒப்பந்தப் பேப்பரை நகலெடுக்க வரும்போதெல்லாம், நடுப்பக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டுவிடுவேன். அக்கா ஏன் இதையே கேட்கிறார் என்று அவர்களுக்குப் புரியாது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஆட்டம் முடிகிறவரை அண்ணன் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே, “மாமா அக்கட்ட போங்க, மாமா இக்கட்ட வாங்க,” என்று தொண்டை கட்டக் கத்தினார். ஊரே சிரித்தது. கிணத்துக்கடவிலிருந்து நேராக வந்து இறங்கிய சித்தி முதலில் மகன் காலைத்தான் பார்த்தார். செருப்போடு இருந்ததைக் கண்ட பிறகுதான் மைதானத்துக்குள் பார்த்து, வாயில் கை வைத்துக்கொண்டார்.

அயர்லாந்துக்குத் திரும்பும்போது அண்ணன் அந்தப் பூட்ஸைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை சித்தியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. நாற்பது நொடிதான். முந்தைய நாள் ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடத்துக்கு அண்ணனை உள்ளே இறக்கியிருந்தார்கள். சம்பளத்துக்குச் சேர்ந்த பிறகு அதுதான் அவருடைய முதல் ஆட்டம். மழையில் ஒருவன் பந்தோடு பாய்ந்து வருகிறான். அண்ணன் பின்வாங்கிப் பின்வாங்கி, சரியான நேரத்தில் காலை நீட்டிப் பந்தைப் பறித்து வெளியே தள்ளுகிறார். அந்தக் கால் கிளிப்பச்சை. கரண்ட் போனால் ஒழிய வேலை நேரத்தில் நிற்காத லேத்துகள் அத்தனையையும் மாமா நிறுத்தச் சொன்னார். பட்டறை ஆட்கள் எல்லோரும் எண்ணெய்க் கையோடு ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். “போட உட்டானா பாத்தீங்களா?” என்று மாமா எல்லோரையும் கேட்டார். பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் பின்னால் வந்தவை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எனக்கு இதில் எதுவும் தெரியாது. எங்கள் அண்ணன் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். என் வகுப்புப் பெண்கள் நால்வரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆடியிருந்தால் அண்ணனுக்கு அது எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் என்பதோ, தான் பேனர் வைத்துக் கூட்டிய கூட்டத்துக்கு நடுவில் நின்றபடி ஒரு மனுஷன் மருமகனின் கையை விலக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதோ எனக்கு அப்போது எட்டவில்லை.

பூட்ஸை மூடியிருந்த அந்தக் கைகளை மாமா பார்த்தார். பிறகு அண்ணன் தலையைத் தொட்டு, “சேரி கண்ணு. மூடுன எலை மூடுனதுதான்,” என்றார். கமிட்டிக்காரர் பக்கம் திரும்பினார்.

“நான் போன்ல என்னங்க சொன்னேன்? எங்க ஊட்டு ஆளு ஒருத்தன் எறங்குவான்னு சொன்னனுங்களா இல்லீங்களா?”

கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். போனையும் கொடுத்தார். அண்ணனுக்கென்று அடித்து வைத்திருந்த பனியனை வெள்ளைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். அது தொப்பைக்கு மேலே நின்றுவிட்டது. நான் வெட்கத்தில் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் பார்த்தேன். ஐம்பது வயதில் ஒருநாளும் பந்து உதைத்தறியாத மாமா வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டினார். கோயில் வாசலில் விடுவதைப் போலச் செருப்பை ஜோடி சேர்த்துக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.