அப்பாவை விட்டுவிட்ட காப்பி

மயிலாப்பூரில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறேன். ஃபோல்டருக்குப் பெயர் வைப்பது எனக்குக் கல்யாணப் பத்திரிகை அடிப்பது மாதிரி. ஊர், பட்டம், ‘அவர்கள்’ எதையும் விடமாட்டேன்.

போன மாதம், கவிதா என்ற பெண்ணின் கல்யாண வீடியோக்களை அவள் கொடுத்த ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்தபோது, பெயர் மிக நீளம் என்று கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. கடையில் கூட்டம். அவசரக் குடுக்கை நான், அதை விட்டுவிட்டு மேலே போகச் சொல்லும் ‘ஸ்கிப்’பை அழுத்தி, டிஸ்க்கைக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் செய்தாள். “அக்கா, எல்லாரும் இருக்காங்க. எங்கப்பா மட்டும் இல்லக்கா.”

கல்யாணமான மறுவாரமே அவர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அப்போதுதான் சொன்னாள். இடம் போதவில்லையென்று, அன்று மாலைதான் கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க் கொடுத்து முடித்த கல்யாணங்களை, கவிதாவுடையதையும் சேர்த்து, அழிப்பதாக இருந்தேன்.

கவிதா டிஸ்க்கோடு ஓடிவந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சலீம் பாயையும் கூப்பிட்டேன்.

“மவுஸ வுடும்மா” என்றவர், கறுப்புத் திரையைத் திறந்து ‘ரோபோகாப்பி’ என்று அடித்தார். எங்கிருந்து, எங்கே என்று இரண்டு இடங்களையும் கொடுத்தார். “பேரு எம்மா நீளமா இருந்தாலும் இது கண்டுக்காது.”

முடிந்ததும், காப்பியாகாமல் போனவை எத்தனை என்று காட்டும் ‘ஃபெயில்டு’ என்பதற்குக் கீழே பூஜ்யம் வந்தது. கவிதா திரையில் அப்பாவைப் பார்த்து அழுதாள்.

விடுபட்டது அந்த ஒரு ஃபோல்டர்தான். ‘மணமகளின் தகப்பனார் உயர்திரு’ என்று தொடங்கி, மரியாதை குறையக் கூடாதென்று நான் வைத்த பெயர்தான் இருப்பதிலேயே நீளம்.

இப்போது பூஜ்யத்தைப் பார்க்காமல் எந்த டிஸ்க்கையும் வெளியே அனுப்புவதில்லை. அந்த ஃபோல்டரின் பெயரையும் மாற்றிவிட்டேன். வெறும் ‘அப்பா’.