வீட்டுக்கு உள்ளது

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கும் காப்பிக் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டது. "எந்தக் கொட்டை வேணும் தாத்தா? பீபெரியா, பிளாண்டேஷனா? கலந்துன்னா எத்தனைக்கு எத்தனை?" துணிப்பையைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். "வீட்டுக்கு உள்ளது" என்று வாய் வரை வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு என் வீட்டை எப்படித் தெரியும்?

அந்தப் பேச்சு செல்லுபடியான கடை ஒன்று இருந்தது. கோயிலுக்குப் போகிற தெருவில், ஆள் திரும்பினால் டின்னில் இடிக்கிற அளவுக்குச் சின்னக் கடை. அண்ணாச்சி காலையிலேயே கொட்டை வறுக்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு அப்போது விசைத்தறிக் கூடத்தில் வேலை. கோமதி அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்தால் விபூதி வாசனையும் வறுத்த கொட்டை வாசனையும் சேர்ந்து வரும். இப்போதும் விபூதி பூசும்போது காப்பி ஞாபகம் வருகிறது. அம்மன் மன்னிக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் என் வீட்டுக்காரியும் கூட வந்தாள். ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தாள்.

"அண்ணாச்சி, இது காப்பிக்கொட்டையா, அடுப்புக்கரியா?"

"ஏ தாயி, ஊரே இதத்தான் குடிக்கு."

"ஊரு குடிக்கட்டும். எங்களுக்குக் கொஞ்சம் முந்தியே எறக்கிருங்க. அந்த உருண்டைக் கொட்டையக் கூட்டிப் போடுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "என்னவே மாப்பிள, நல்லா மாட்டிக்கிட்டீரு" என்றார். நான் அந்நேரம் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். எது எவ்வளவு, எந்த நிறத்தில் இறக்குவது என்று அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். அது அவர்கள் பாடு என்று நின்றேன்.

அதன் பிறகு நான் போய் "வீட்டுக்கு உள்ளது" என்றால் போதும். அண்ணாச்சி இரண்டு டின்னிலும் கைவிட்டு அள்ளிப் போடுவார். பொட்டலம் சூடாக இருக்கும். அதோடு தறிக்கூடத்துக்குப் போனால், "ஏலே, இவன் வாரதுக்கு முந்தி வாசம் வருது" என்பார்கள்.

வீட்டுக்காரி கை மிஷினில் அரைத்துக் காப்பி போட்டுத் தந்துவிட்டு முகத்தையே பார்ப்பாள். "எப்படி இருக்கு?"

"இருக்கு."

"ஒங்களுக்கு வெந்நியக் குடுத்தாலும் இருக்குன்னுதான் சொல்லுவீக."

இத்தனை வருஷமும் தினம் இந்தப் பேச்சு உண்டு.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த கொஞ்ச நாளில் அண்ணாச்சி தவறிப்போனார். கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

சோறு ஊட்டினால் சாப்பிடுகிறாள். காப்பியை மட்டும் மூக்குக்குக் கொண்டுபோய்விட்டுத் தள்ளிவிடுகிறாள். இடது கையில் மூன்று விரலைக் காட்டி ஒன்றை மடக்குகிறாள். "மூணுக்கு ரெண்டா?" என்றால் தலையை ஆட்டுகிறாள், இல்லை என்று. "மூணுக்கு ஒண்ணா?" அதற்கும் இல்லை. அப்புறம் கண் கலங்கிவிடும். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவள் தொண்டையில் தடவுகிறேன். தாயே, ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று கேட்கிறேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

நேற்று கடைப் பிள்ளையிடமும் அதேபோல விரலைக் காட்டினேன். அது சிரிக்கவில்லை. தானாக ஒரு கணக்கில் கலந்து, "இதப் போட்டுப் பாருங்க தாத்தா" என்று தந்தது.

வீட்டுக்கு வந்து நானே அரைத்து, நானே போட்டு, டம்ளரை அவள் இடது கையில் வைத்தேன். "எப்படி இருக்கு?" என்று முகத்தைப் பார்த்து நின்றேன். ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு டம்ளரை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

என்னுடையதைக் குடித்து முடித்து, அவளுடையதையும் குடித்தேன்.

"இருக்கு" என்றேன்.

வெந்நீரைப் பற்றி அவளிடமிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.